வராத வழிகள்

கொசு கடித்தால் வராது. கை குலுக்கினால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வராது, பக்கத்தில் நின்று இருமினால் வராது. கணீர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் லாரி ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்குகிறவன்கூடத் தலையை வெளியே நீட்டிக் கேட்பான்.

அவனுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவன் கணீர்தான். குரல் அப்படி. எச்.ஐ.வி. பற்றி ஜனங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்கும் ஓர் ஆய்வில் பேச்சாளர் வேலை. அந்த அளவெடுப்பு நடந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். லாரி ஷெட், தையல் கம்பெனி, செங்கல் சூளை என்று ஆட்கள் கூட்டமாக வேலை பார்க்கும் இடங்களில் வேனை நிறுத்துவார்கள். முதலில் சில கேள்விகள் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்வார்கள். பிறகு கணீர் பேசுவான். பேசி முடித்த கையோடு, அதே ஆட்களிடம் அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார்கள். இப்போதுதான் காதில் விழுந்ததை அதற்குள் யார் மறக்கப் போகிறார்கள்? எல்லாருக்கும் நல்ல மார்க். ஆளுக்கொரு பிஸ்கெட் பாக்கெட். விழிப்புணர்வு எகிறிவிட்டது என்று ஆய்வுத் தலைவர் கோடு கோடாகப் படம் போட்டுப் பெரிய கூட்டங்களில் காட்டிவிட்டு வருவார். அந்தக் கூட்டங்களில் அவருக்கும் பிஸ்கெட் கொடுப்பார்கள், இன்னும் கொஞ்சம் உயர்ந்த ரகம்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகும் என்று கடைசியில் ஒரு கேள்வி உண்டு. வயிற்றில் இருக்கும்போது, பிறக்கும்போது, தாய்ப்பாலில் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது கணீருக்கு வாயில் வராது. ஒருமுறை தையல் கம்பெனி வாசலில் சொன்னதற்கு வாட்ச்மேன் கிழவர் எழுந்து, "தாய்ப்பாலையா குத்தம் சொல்றே?" என்று செருப்பைக் கழற்றிவிட்டார். அன்றோடு பேச்சிலிருந்து அதை எடுத்தான். கேள்வியையும் தாண்டிப் போய், தெரியும் என்று அவனே டிக் போட்டுக்கொண்டான். பொம்பளை சமாச்சாரம் பொம்பளைகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அவன் கட்சி.

ஊரெல்லாம் வாய் கிழியப் பேசிய அந்தக் கணீர்தான் இப்போது குழந்தைகள் வார்டுக்கு வெளியே, பினாயில் நாற்றத்தில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே அவனுடைய நான்கு மாதப் பிள்ளை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியும் உதட்டில் நீலம் போகவில்லை. மனைவி அதன் பக்கத்திலேயே இருந்தாள். பிள்ளையால் உறிஞ்சிக் குடிக்க முடியாததால் பாலைப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் கொடுப்பாள். நர்ஸ் அதைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவாள்.

கணீரின் அக்கா பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய பேப்பர் கடை வைத்திருப்பவள். தராசு பிடித்துப் பிடித்து, எதைப் பார்த்தாலும் எடை போடுகிற புத்தி வந்துவிட்டது. அந்த அக்கா வீட்டில்தான் இவர்கள் குடித்தனம்.

டாக்டரம்மா வெளியே வந்தாள். தூங்காத முகம்.

"வீட்ல வேற யாருக்காவது இருமல், டிபி, அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

"எங்க வம்சத்துல தும்மல்கூடக் கிடையாது டாக்டரம்மா," என்றாள் அக்கா. "இவன் பொண்டாட்டி பக்கம் எப்படியோ, எனக்குத் தெரியாது."

"அம்மாவுக்கு மாசமா இருக்கும்போது ரத்தமெல்லாம் பாத்தாச்சுல்ல? சீட்டுல ஒண்ணும் இல்லைன்னுதான் போட்டிருக்கு."

"பாத்தாச்சு மேடம். எல்லாம் நல்லபடியா இருக்குன்னுதான் சொன்னாங்க," என்றான் கணீர்.

இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. பொய் சொல்லாமலே பொய் சொல்வது அவனுக்குக் கைவந்த கலை.

"மருந்து மாத்திப் பாத்துட்டேன், கேக்கல. எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரலும் வெள்ளையா இருக்கு. ஆனா பெரிய காய்ச்சல் இல்ல. நெஞ்சுல வச்சுக் கேட்டா சத்தமும் அவ்வளவா இல்ல. எங்கயோ கணக்கு இடிக்குது. சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல, தோணுறதச் சொல்லுங்க. இன்னிக்குள்ள எனக்கு ஒரு வழி தெரியலைன்னா பிள்ளையக் காப்பாத்துறது கஷ்டம்."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா கண்ணைத் துடைத்தாள். கணீர் தரையைப் பார்த்தான். டாக்டரம்மா உள்ளே போய்விட்டாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே வாய் அப்பனுக்கு அமைந்துவிட்டது; பிழைக்க வேண்டியதோ பிள்ளை.

ஏனென்றால் கணீருக்குத் தெரியும். ஆய்வு வேனில் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஊசி என்றதும் பெரிய பெரிய டிரைவர்கள் எல்லாம் பின்வாங்குவார்கள். அவர்களுக்குத் தைரியம் சொல்ல, கணீர் எல்லார் முன்னாலும் தன் விரலை நீட்டுவான். "பாருங்க, நானே குத்திக்கிறேன். எறும்பு கடிச்ச மாதிரிதான்." கைதட்டல் விழும். அவனுக்கு அது வேடிக்கை. ஆனால் ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு வேடிக்கை தெரியாது. எடுத்த ரத்தத்தை எல்லாம் ஒழுங்காகப் பார்த்துவிடுவாள். ஒருநாள் சூளையில் கூட்டம் கலைந்த பிறகு அவனை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டாள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சார், உங்களுக்கு இருக்கு. பயப்படாதீங்க, மாத்திரை சாப்பிட்டா நல்லாவே இருக்கலாம். ஆனா இன்னிக்கே வீட்ல சொல்லுங்க. பால் குடிக்கிற பிள்ளை இருக்குல்ல."

"சொல்றேன்மா."

மறுவாரமும் கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டிருக்கேன்மா."

எங்கிருந்து வந்தது என்பதிலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. வேன் அன்றைக்கே திரும்ப முடியாத தொலைவான ஊர்களில் லாட்ஜில் தங்குவார்கள். மனைவி நிறைமாதமாக வீட்டில் இருக்க, இவர் லாட்ஜில் ஜெபம் பண்ணிக்கொண்டா இருந்தார்? ஆணுறைப் பெட்டிகள் வேனில் அடுக்கி அடுக்கி இருந்தன. ஊருக்கெல்லாம் கையால் அள்ளிக் கொடுத்தவனுக்குத் தனக்கென்று ஒன்று எடுக்க வெட்கம். டிரைவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற வெட்கம். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இவனைப் பார்த்துச் சொன்ன சொல்தான்.

மனைவிக்கு மாசமான புதிதில் பரிசோதித்தபோது ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் இவன் கொண்டுவந்து கொடுத்தது. ஒன்றும் இல்லை என்ற பழைய சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா இருட்டில் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒரு வாக்கியம் போதும். மேடம், எனக்கு இருக்கிறது. அவ்வளவுதான். மைக்கூட வேண்டாம்.

"ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்க்கா," என்று எழுந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் மத்தியான வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நிழலுக்காகவே பாதிப் பேர் நின்றார்கள். கணீர் டீயை வாங்கி உறிஞ்சினான். யோசிக்கத்தான் வந்தான். சொன்னால் அக்கா வீட்டை விட்டுத் துரத்துவாளா, வேலை போகுமா, லாரி ஷெட்டில் சிரிப்பார்களா என்று யோசித்தான். பிள்ளை செத்துப்போகுமா என்பதும் அந்த வரிசையில் இருந்தது. முதலில் இல்லை.

"சார், நீங்க கணீர் சார்தானே?"

ஒரு லாரி கிளீனர். கையில் கட்டுப் போட்டிருந்தான்.

"ஆமா தம்பி."

"நம்ம ஷெட்டுக்கு வந்து பேசினீங்களே. கொசு கடிச்சா வராது, கை குலுக்குனா வராது. இன்னும் பசங்க அப்படியே சொல்லிக் காட்டுவாங்க சார். உங்க மாதிரியே."

"பரவாயில்லையே. அடுத்தது என்ன சொல்லு பாப்போம்?"

"ஒரே தட்டுல சாப்பிட்டா..."

"வராது," என்றான் கணீர், பழைய குரலில். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாலு தலை திரும்பியதும் அவனுக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்ததே, அதை என்னவென்று சொல்வது? மாடியில் பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்க, இங்கே டீக்கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் பட்டியலையும் சொல்லி முடித்தான். கிளீனர் டீக்குக் காசு கொடுத்துவிட்டான். கணீர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

படியேறும்போது அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. வழி என்றால் அவனுக்கான வழி.

டாக்டரம்மா அறையில் நின்றுகொண்டே எதையோ வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு விஷயம். நான் எச்.ஐ.வி. விழிப்புணர்வுல இருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன். எதுக்கும் ஒரு தடவ அம்மாவுக்கு அந்தப் பரிசோதனையைப் பாத்துடலாமே."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"முன்னாடி பாத்ததுல இல்லையே."

"அதுக்கப்புறம் வந்திருக்கலாம்ல மேடம். சொல்ல முடியாது பாருங்க. பேக்கரியில வேலை பாத்தவ."

பேக்கரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. யோசனை அதற்குள் வேறெங்கோ ஓடிவிட்டது.

"நானே நினைச்சிருக்கணும். நிமோனியாவுல ஒரு தனி வகை இருக்கு, அந்தக் கிருமி சாதாரண ஆளுங்கள ஒண்ணும் பண்ணாது. எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைங்க நுரையீரல்ல போய் உக்காந்துக்கும்." கதவு வரை போனவள் திரும்பினாள். "உங்களுக்குப் பாத்திருக்காங்களா?"

"எனக்கு வேலையிலயே அடிக்கடி பாப்பாங்க மேடம்."

"பாத்து?"

"அதெல்லாம் முறையா நடந்துட்டிருக்கு."

உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். டாக்டரம்மா ஓடினாள். "நீங்களும் நாளைக்கு இங்க ரத்தம் குடுங்க," என்று ஓடுகிற ஓட்டத்திலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

கணீர் பெஞ்சுக்கு வந்தான். பிள்ளைக்கு வேண்டியதைச் செய்தாகிவிட்டது, தன் பேரும் கெடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று முடித்துவிட்ட நிம்மதியில் அவனுக்கு மூச்சு நன்றாகவே வந்தது. அதோடு விட்டானா? அக்காவையும் தயார்ப்படுத்தினான்.

"அக்கா, அவ ரத்தத்துல ஏதோ கோளாறு இருக்கும் போல. டாக்டருக்கு அப்படி ஒரு சந்தேகம்."

"என்ன கோளாறு?"

"நான் பேசுற நோய்தான்."

அக்கா ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தராசு அவள் மனசிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன். பேக்கரிக்கு அனுப்பாதேன்னு சொன்னேன். விடியறதுக்கு முன்னாடி போறதும், மாவோடயும் புழுதியோடயும் வர்றதும். அங்க எத்தனை ஆம்பளைங்க. உன்னை மாதிரி ஒரு அப்பாவி கிடைச்சா அவளுக்கென்ன."

"விடுக்கா. அவளத் திட்டாதே," என்றான் கணீர், பெருந்தன்மையாக.

சாயங்காலத்துக்குள் எல்லாம் நடந்தது. மனைவிக்கு இருக்கிறது என்று தெரிந்தது. பிள்ளையின் ரத்தம் வேறு பெரிய ஆய்வகத்துக்குப் போக வேண்டும். முடிவு வரச் சில நாள் ஆகும். டாக்டரம்மா அதற்குக் காத்திருக்கவில்லை. அந்தக் கிருமிக்கு உரிய மருந்தையே ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சரியான மருந்து உடம்பில் இறங்கியது அன்றைக்குத்தான் முதல்முறை. வேனுக்குப் பின்னால் கேட்ட வார்த்தையைக் கணீர் அன்றைக்கே வீட்டில் வந்து சொல்லியிருந்தால் இந்த மருந்தே தேவைப்பட்டிருக்காது.

மனைவி வெளியே வந்தாள். கையில் காலிக் கிண்ணம். முன்பக்கம் சேலை நனைந்திருந்தது. அதிகம் பேசாதவள். பேக்கரியில் பன் அடுக்கி அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. கல்யாணமான புதிதில் கணீர் கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவதைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பேச்சு அவளுக்கும் மனப்பாடம். பெட்டி ஒட்டுகிறபோது அவள் அதை முணுமுணுத்து மற்றப் பெண்களைச் சிரிக்க வைப்பதுண்டு.

"வாம்மா, வா," என்றாள் அக்கா. "நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டே. என் தம்பி ஊருக்கு நல்லது சொல்றவன். அவன் மூஞ்சியில கரியப் பூசிட்டே. பச்சப்பிள்ளைக்குக் குடுத்திருக்கியே, நீயெல்லாம்..."

அவள் அக்காவைப் பார்க்கவே இல்லை.

"என்னங்க."

"சொல்லு."

"டாக்டரம்மா சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னதாலதான் இப்பவாவது பிடிச்சோம், அவருக்கு நன்றி சொல்லும்மான்னு."

கணீரின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. இந்த இடத்திலும் மலரக்கூடிய முகம் அது.

"என் கடமைதானே," என்றான்.

"அவங்களுக்கே தோணலையாம். பழைய சீட்டுல இல்லைன்னு இருந்ததால விட்டுட்டாங்களாம். இங்க எத்தனை டாக்டர் வந்து பாத்தாங்க, யாருக்கும் தோணல. உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?"

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"விழிப்புணர்வுதான்," என்றான் கணீர். "எனக்கு இதே வேலைதானே."

"சரி. எப்பலேர்ந்து விழிப்பா இருக்கீங்க?"

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது போய் முடியட்டும் என்பது போல அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் கணீர் சமாளித்திருப்பான். செருப்பைக் கழற்றியவரையே சமாளித்தவன். இவள் கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றாள், அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்கு அவனே டிக் போட்டுக்கொள்ள முடியவில்லை.

"குட்டி மொத மொதல்ல சிரிச்சானே," என்றான். "அந்த வாரம்."

"தம்பி," என்றாள் அக்கா. "என்னடா சொல்றே? இல்லைன்னு சொல்லுடா."

மனைவி விரலால் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தாள்.

"அதுக்கு அடுத்த வாரம்தான் நான் கேட்டேன். மறுபடி வேலைக்குப் போகணும், பவுடர் பால் பழக்கட்டுமான்னு. தாய்ப்பாலுக்கு ஈடு ஏதுடின்னு நீங்க உக்கார வச்சு எவ்வளவு நேரம் பேசுனீங்க. அக்கம்பக்கத்துல இருந்துகூட வந்து கேட்டாங்க."

"நான்... அப்ப என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல."

"ஆமா. தாய்ப்பால் வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் வேணும்ல."

"பிள்ளைக்கு ஏற்கெனவே வந்திருக்கலாம். பால்லதான்னு நிச்சயம் இல்ல. ஆய்வுல என்ன சொல்றாங்கன்னா..."

"நல்லா குடிக்கிறான்னு சந்தோசப்பட்டேன்ங்க," என்றாள் அவள். "ராத்திரி எழுந்து எழுந்து குடுத்தேன். தூங்கறவனக்கூட எழுப்பிக் குடுத்தேன். நீங்க பக்கத்துல படுத்து பாத்துட்டுத்தானே இருந்தீங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் அவனுக்குத் தேற்றுவதற்கு ஒரு வேலையாவது கிடைத்திருக்கும். கிண்ணத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். அக்கா பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தம்பியை விட்டுத் தள்ளி. ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். கூட உட்கார்ந்தால் வராது என்று அவளுக்கும்தான் தெரியும்.

கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் நேரே வார்டுக்குப் போனாள். கணீர் எழுந்து அவள் பின்னாலேயே நடந்தான். என்ன சொல்லலாம் என்று நல்ல நல்ல வாக்கியங்களாக யோசித்துக்கொண்டே நடந்தான்.

வார்டு வாசலில் ஆயா மாறியிருந்தாள். இப்போது வேலைக்கு வந்தவளுக்கு இவர்கள் யாரையும் தெரியாது.

"நீ எந்தப் பிள்ளையோட அம்மா?"

"ஜன்னலோரம், ஆக்சிஜன் வச்சிருக்கே, அந்தப் பிள்ளை."

"சரி, போ. சொந்தக்காரங்கள்ல இன்னும் ஒருத்தர் மட்டும் உள்ள இருக்கலாம்." ஆயா கையை நீட்டிக் கணீரை மறித்தாள். "இவரு பிள்ளைக்கு என்ன வேணும்?"

அவள் திரும்பி அவனை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "ஆய்வுக்காரர். பிள்ளைங்களுக்கு நோய் எப்படி வருதுன்னு விசாரிக்கறவர்."

"அதுக்கெல்லாம் காலையில வாங்க சார்," என்று சொல்லி ஆயா கதவைச் சாத்தினாள்.